இரண்டாவது கியர்

அக்டோபர் 7, செவ்வாய்

மருந்து அடித்த கணக்கை எழுதத்தான் இந்த டைரி. உரக்கடையில் கொடுத்தது, இத்தனை மாதம் பரணில் கிடந்தது. என்றைக்கு எந்த மருந்து அடித்தோம் என்று குறித்து வைக்காவிட்டால் என் வீட்டுக்காரர் அடித்ததையே திரும்ப அடிப்பார். வண்டியைப் பற்றியும் இதிலேயே எழுத வேண்டிவரும் போலிருக்கிறது.

வண்டி என்றால் குட்டி டிராக்டர். எங்கள் திராட்சைப் பந்தலுக்கு அடியில் பெரிய டிராக்டர் நுழையாது. ஆள் நிமிர்ந்தாலே தலையில் கொடி உரசும். அதனால் போன மாதம் இவர் எங்கேயோ விசாரித்து ஒரு பழைய குட்டி வண்டியைப் பிடித்து வந்தார். வந்த நாளிலிருந்து அது சாவியில் எடுக்கவில்லை. சாவியைத் திருகினால் விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, அதற்குமேல் செத்த பிணம்.

"பேட்டரிதான்" என்றார். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினார். டெர்மினலில் உப்புப் பூத்திருந்ததை நான்தான் வெந்நீர் விட்டுக் கழுவினேன். எடுக்கவில்லை. கம்பத்தில் என் அண்ணன் சிங்கராசு வண்டிகளுக்குக் கரண்டு வேலை பார்க்கிறவன். கல்யாணம் ஆகும்வரை அவன் கடையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நான். "சாவி சுவிட்ச்தான் போயிருக்கு, மாத்துங்க" என்றேன். பொம்பிளை சொன்னால் கேட்டுவிட முடியுமா?

விற்றவன் சொல்லிக் கொடுத்த வித்தையைச் செய்தார். பெரிய சக்கரத்துக்கு முன்னால் தரையில் நின்று குனிந்து, ஸ்டார்ட்டர் மோட்டாரின் தலையில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் திருப்புளியால் சேர்த்துத் தொட்டார். ஒரு பொறி பறந்தது. வண்டி உறுமி எழுந்தது. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ராக்கெட் விட்டவர் மாதிரி.

அவர் நின்ற இடம் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

இலையில் விழும் செவட்டை நோய்க்கு மருந்து. தெற்குப் பந்தல் முழுக்க. மழைக் கோப்பில் வானம் இருட்டிக் கிடந்தது, ஆனால் பெய்யவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

எங்கள் தோட்டம் கிணற்றைப் பார்த்துச் சரிவு. வண்டியின் கைப்பிரேக் பிடிக்காது. ஆகவே இவர் கியரில் போட்டு நிறுத்துவார். இந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். இன்று சாயங்காலம் நான் போய் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளி, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். "இனிமே இப்படித்தான்" என்றதற்கு, "சரித்தா" என்றார். அவர் சரி என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

கொடி கட்டவும் இலை கிள்ளவும் ஆறேழு பெண்கள் வருகிறார்கள். அதில் ஒருத்தி புதிது. விருமாயி என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். சும்மாடு மாதிரி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலையில் படு சுறுசுறுப்பு. ஆனால் வந்ததும் கொடிக்குப் போகவில்லை. நேராக வண்டிக்குப் போனாள். முந்தானையால் சீட்டைத் துடைத்தாள். பேருந்தில் யாருக்கோ இடம் போடுகிறவள் போலிருந்தது.

அக்டோபர் 11, சனி

காலையில் போய்ப் பார்த்தால் லீவர் இரண்டாவது கியரில் இருந்தது. இவரைக் கேட்டேன். தொடவில்லை என்கிறார். காலங்காத்தாலே எதற்கு வாக்குவாதம் என்று நியூட்ரலுக்குத் தள்ளினேன்.

மத்தியானச் சாப்பாட்டின்போது மற்ற பெண்கள் கிணற்றடிக்குப் போனார்கள். விருமாயி மட்டும் பந்தலுக்குள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல வெயில் நேரத்திலும் பந்தலுக்குள் பச்சை இருட்டுதான் இருக்கும். அவள் முகம் சரியாகத் தெரியவில்லை, குரல்தான்.

"அது எங்க வண்டி தாயி" என்றாள்.

"எது அக்கா?"

"ஒங்க வண்டி. எங்க வீட்டுக்காரரு காசிமாயன் ஓட்டுனது. கொழுந்தன் வித்துப்புட்டான். எங்க வித்தான்னு சொல்லல. நாந்தான் விசாரிச்சு விசாரிச்சு, இந்தத் தோட்டத்துல இருக்குன்னு தெரிஞ்சு, வேலைக்கு வந்தேன்."

"அவரு இப்ப...?"

"போன மாசியில போயிட்டாரு. இதே மாதிரித்தான், சாவி எடுக்காது. பெரிய சக்கரத்துக்கு முன்னாடி நின்னு திருப்புளிய வச்சாரு. வண்டி ரெண்டாவது கியர்ல கெடந்திருக்கு. அவரு எப்பவும் ரெண்டுலதான் உழுவாரு, ரெண்டுலயேதான் நிறுத்துவாரு. நான் வரப்புல கஞ்சி வாளிய எறக்கி வச்சிட்டு, சாப்பிட வாங்கன்னு கூப்பிட வாயத் தெறந்தேன். அதுக்குள்ள வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சு. நேரா அவரு மேலயே ஏறிருச்சு. கூப்பிடவே இல்ல தாயி. வாயி தெறந்தபடியே நின்னுச்சு."

கை கழுவ எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரியுமாம்! "தெரிஞ்சுதான் வாங்குனேன். அதனாலதான் நம்மளுக்குக் கட்டுபடியாச்சு" என்கிறார். "அந்த ஆளு கவனிக்காம நின்னுட்டாரு பவுனு. நான் அப்படியா?" எனக்கு வந்த கோபத்தில் குழம்புச் சட்டியை இறக்கி வைத்த சத்தத்தில் நாய் எழுந்து ஓடிவிட்டது.

இந்த மனுசர் இல்லாவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

வண்டி எடுக்கவில்லை. திருப்புளியாலும் எடுக்கவில்லை. விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது. திருப்புளியை வைத்தால் "டக்" என்று ஒரு சத்தம், அத்தோடு சரி.

மற்றபடி இன்று ஓய்வு. மாவு சலித்து வைத்தேன். மாட்டுக்கொட்டகைக் கதவின் கீலுக்குக் கிரீஸ் போட்டேன். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு சீயக்காய் போட்டும் போகவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

இன்றும் எடுக்கவில்லை. இவர் பக்கத்துத் தோட்டத்து பேட்டரியைக் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தார். அதே "டக்". பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் வயரைப் புதுசாகப் போட்டார். டக். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். டக். கடைசியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கலாமா என்று கேட்டார். அதற்கு முதலில் வண்டி நகர வேண்டும் என்றேன்.

மழை பெய்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன். திருப்புளியால் ஸ்டார்ட் பண்ணுகிறார்கள் என்றதும் கத்தினான்.

"ஏத்தா, அந்த வண்டியில கிளட்ச்ச மிதிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகணும். பெடலுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சுவிட்ச் இருக்கும். அத எவனோ அத்துவிட்டு வயர நேரா முறுக்கியிருப்பான், பாரு. அது இல்லாட்டி கியர்ல கெடந்தாலும் எந்திரிச்சு ஓடும்."

"நீ வந்து போட்டுக் குடுண்ணே."

"சுவிட்ச் ரெண்டையும் வரவழைக்கணும். தீவாளி முடிஞ்சு வர்றேன். அதுவரைக்கும் மாப்பிள்ளைய அந்தப் பக்கம் அண்ட விடாத."

குனிந்து பார்த்தேன். கிளட்ச் பெடலுக்குப் பின்னால் இரண்டு வயர்களை முறுக்கிச் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. சுற்றியவர் நிதானமாக, அழகாகச் சுற்றியிருந்தார். காசிமாயனாகத்தான் இருக்கும். அந்தக் கைகள் இப்போது இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தபோது பெடல் என் கையில் பட்டது. துருப்பிடித்த வில், மிதித்தால் "கிரீச்" என்று ஒரு மாதிரி கத்தும். தோட்டத்தின் அந்தக் கடைசி வரை கேட்கும்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழைக்குப் பிறகு இலைகளில் எண்ணெய்ப் புள்ளி மாதிரி மஞ்சள் விழுந்துவிட்டது. இன்று அடிக்காவிட்டால் செவட்டை பிஞ்சுக்கு ஏறும், ஒரு வருசப் பாடு போய்விடும். அதிசயமாக வண்டி இன்று எடுத்தது.

திருப்புளியை வைக்குமுன் "இருங்க" என்று நான் போய் லீவரைப் பார்த்தேன். இரண்டாவது கியர்.

நேற்றுச் சாயங்காலம் நியூட்ரலில் விட்டது நான். கல் முட்டுக் கொடுத்ததும் நான். "ஏங்க, இப்படி வெளையாடாதீங்க" என்றேன். "நான் ஏன்டி அதுல கை வைக்கிறேன்? நேத்து முச்சூடும் எடுக்காத வண்டிக்குக் கியர் போட்டு என்ன செய்ய?" என்றார். அதுவும் நியாயம்தான். நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, அவர் பக்கத்திலேயே நின்றேன். பொறி பறந்தது. வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது.

வடக்கு, தெற்கு இரண்டு பந்தலுக்கும் அடித்தாயிற்று.

அக்டோபர் 15, புதன்

இவர் தேனிக்குப் போயிருக்கிறார், அவருடைய தங்கை மகளுக்குச் சடங்கு. நாளைக்குத்தான் வருவார். வேலையாட்களும் இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே போய் நியூட்ரலில் தள்ளி, லீவரில் ஒரு துண்டுச் சணலைக் கட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்குள் இருந்தபடி ஒரு தரம் "கிரீச்" என்று கேட்டது போலிருந்தது. மயிலாக இருக்கும். மயில் விதவிதமாகக் கத்தும்.

அக்டோபர் 16, வியாழன்

மயில் இல்லை.

காலையில் வெயில் ஏறுமுன் போனேன். நல்ல பனி. பானட், சக்கரம், மருந்து டேங்க், ஸ்டியரிங் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. சீட்டு மட்டும் காய்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இல்லை. உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்காத மாதிரி இருந்தது.

சணல் அவிழ்த்துச் சுருட்டி டூல் பெட்டியின் மேல் வைக்கப்பட்டிருந்தது. லீவர் இரண்டாவது கியரில்.

நான் பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை. சின்ன வயதில் சுடுகாட்டு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனேன். அண்ணனுக்குப் போன் போட்டு, பழைய வண்டியில் கியர் தானாக விழுமா என்று மட்டும் கேட்டேன். "தானா வெளிய வரும். தானா உள்ள விழாது. யாராச்சும் போடணும்" என்றான்.

ஒன்றை எழுதிவிடுகிறேன். இவர் இந்த டைரியைப் புரட்ட மாட்டார், எழுத்து என்றாலே அவருக்குக் கொட்டாவி. வண்டி எடுக்காமல் இருந்தது என் வேலைதான். பேட்டரியிலிருந்து வரும் எர்த் வயர், கால் வைக்கும் தகட்டுக்கு அடியில் ஒரு நட்டில் முடிகிறது. அதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும். ஆனால் ஸ்டார்ட்டர் இழுக்கிற அளவுக்குக் கரண்டு போகாது. "டக்" என்று நின்றுவிடும். ஆண்கள் எல்லாரும் பேட்டரியைத்தான் பார்ப்பார்கள். அந்த நட்டைக் குனிந்து பார்க்க மாட்டார்கள். பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் மாவுப் பானைக்குள் இருக்கிறது. மருந்தடிக்கும் நாளில் முடுக்குகிறேன், மற்ற நாளில் தளர்த்துகிறேன். அண்ணன் வரும்வரை இவரை உயிரோடு வைத்திருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நட்டு என் வேலை. கியர் என் வேலை இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

வண்டி எடுக்கவில்லை. டக். இவர் சாப்பிடவில்லை.

அக்டோபர் 18, சனி

மருந்து நாள். எடுத்தது. லீவர் இரண்டில்தான் இருந்தது, தள்ளினேன். இப்போதெல்லாம் வாசல் தெளிப்பது மாதிரி இதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

நட்டை முடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது விருமாயி கொடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் மற்றவர்கள் வரவில்லை. எத்தனை நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. ஸ்பேனரைச் சேலைக்குள் மறைத்தேன். அவள் வழக்கம்போலச் சீட்டைத் துடைத்தாள்.

"அக்கா, அதத் தெனமும் எதுக்குத் தொடைக்கிறீங்க?"

"அவருக்குப் பனி ஆகாது தாயி. இளுப்பு வந்துரும்" என்றாள்.

நான் லீவரை இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. முறுக்குச் சுட்டேன். மாவுப் பானையில் கை விடும்போதெல்லாம் ஸ்பேனர் தட்டுப்படுகிறது.

இவர் அடுப்படிக்கு வந்து குந்தினார். முகம் வாடிக் கிடந்தது. "பவுனு, ஸ்டார்ட்டர் மோட்டாரக் கழட்டி மதுரைக்கு அனுப்பப் போறேன். ஒரு நாள் எடுக்குது, ஒரு நாள் எடுக்க மாட்டேங்குது. என் கையில எது வந்தாலும் இப்படித்தான் ஆகுது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. உயிரைக் காப்பாற்றப் போய் மனுசரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேனோ என்று ஆகிவிட்டது.

"மோட்டாரத் தொடாதீங்க. அண்ணன் செவ்வாக்கிழமைக்கு மேல வந்து சரி பண்ணித் தருவான். அதுவரைக்கும் என்னயக் கூப்பிடாம வண்டி எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"சுருளி ஆண்டவர் மேல சத்தியம். ஒன்னயக் கூப்பிடாம எடுக்க மாட்டேன்" என்று அடுப்பைத் தொட்டுச் சொன்னார். கண் கலங்கியிருந்தது, அது புகையாலும் இருக்கலாம்.

சத்தியம் பண்ணிய மனுசரிடம் நானும் நேர்மையாக இருக்க வேண்டாமா? விருமாயியும் மற்றவர்களும் தீபாவளிக் கூலியும் இனாமும் வாங்கிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் போய், எர்த் நட்டை நன்றாக முடுக்கினேன். நியூட்ரலில் தள்ளினேன். கல்லையும் பார்த்தேன். இனிமேல் அந்த நட்டைத் தொடுவதில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

விடிந்து எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தேன். இவர் முந்தியே குளித்து, புது வேட்டி கட்டி, சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மாட்டுக்குப் பொட்டு வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஊருக்குள் வெடிச் சத்தம் கேட்டபடி இருந்தது. அதற்கு நடுவில் பந்தல் பக்கமிருந்து "கிரீச்" என்றது. கொஞ்சம் பொறுத்து, டக்.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. கண்ணில் எண்ணெய் வழிகிறது, ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. பந்தலுக்குள் புது வேட்டி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. பெரிய சக்கரத்துக்கு முன்னால் குனிந்து நிற்கிறார். பானட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. கையில் திருப்புளி. மறுபடி வைத்தார். டக். பொறி மட்டும் பறந்தது.

"ஏங்க! வேணாம்ங்க!"

"ஒன்னய வாசல்ல வந்து கூப்பிடலாம்னு பாத்தேன்டி. வண்டியோட வந்து நின்னா சிரிப்பேல்ல" என்று இன்னொரு தரம் வைக்கக் கையை நீட்டினார். நான் பின்னாலிருந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் பந்தல் காலில் மோதி விழுந்தோம். திராட்சை இலை, எண்ணெய், சந்தனம் எல்லாம் மேலே.

எழுந்து லீவரைப் பார்த்தேன். இரண்டாவது கியர். கல் சக்கரத்துக்கு அடியில் இல்லை. எட்டத்தில், பாதையோரமாக வைக்கப்பட்டிருந்தது.

அவரைக் கூப்பிட்டு லீவரைக் காட்டினேன். அவர் நின்ற இடத்தையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் புது வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "நான் கியரப் பாக்கல பவுனு. நீ நியூட்ரல்ல விட்டிருப்பேன்னு..." என்றார். நான் அவர் தலையைப் பிடித்து என் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். ஊருக்குள் சரவெடி வெடித்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

வண்டி எடுத்திருந்தால்? நட்டை முடுக்கியவள் நான். நன்றாக, பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினேன். குனிந்து தகட்டுக்கு அடியில் கையை விட்டேன். நட்டு விரலாலேயே சுற்றியது.

அக்டோபர் 21, செவ்வாய்

வேலையாட்களுக்கு இன்றும் விடுமுறை. விருமாயி மட்டும் வந்தாள். ஒரு தூக்கில் கறிக்குழம்பு கொண்டுவந்திருந்தாள். நான் வண்டிப் பக்கம் அவளைக் கூட்டிப்போனேன்.

"அக்கா, நேத்து எங்க வீட்டுக்காரரு சாகப் பாத்தாரு" என்று தொடங்கி முழுவதும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கையெடுத்துக் கும்பிட்டாள். வண்டியையா, என்னையா, தெரியவில்லை.

"நட்ட நாந்தான் கழட்டுனேன் தாயி" என்றாள். "ஒரு நாளு நீ தளத்துனதப் பாத்தேன். அன்னைக்கு வண்டி எடுக்கல. எதுக்குச் செய்யிறேன்னு புரிஞ்சுக்கிட்டேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் நீ முடுக்கிட்டுப் போனதையும் பாத்தேன். மனசு ஒப்பல. எல்லாரும் போனதும் திரும்பி வந்து கையாலயே கழட்டப் பாத்தேன், வரல. எங்க வண்டி டூல் பெட்டியில ஸ்பேனரு எந்த மூலையில கெடக்கும்னு எனக்குத் தெரியும்ல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். காய்ப்புக் காய்ச்சிய கை. என் தாலியைக் காப்பாற்றிய கை. எவ்வளவு நன்றி சொல்லியும் எனக்குப் போதவில்லை. அப்புறம்தான் அதைக் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"ஆனா அக்கா, கியர எதுக்குப் போட்டீங்க? கல்ல எதுக்கு எடுத்தீங்க?"

விருமாயி என்னைப் பார்த்தாள். பிறகு சீட்டைப் பார்த்தாள்.

"நட்ட மட்டுந்தான் தாயி நான் தொட்டேன். கியர நான் தொடல" என்றாள். "அவருக்குத்தான் போயிட்டோம்னே தெரியாதே. அவரு பாட்டுக்கு உழுகக் கெளம்புறாரு."

அக்டோபர் 23, வியாழன்

அண்ணன் வந்தான். மாப்பிள்ளையை நன்றாகத் திட்டினான். "ஒங்களுக்கு வேணும்னா ஒங்க உசுரு வெல்லமா இல்லாம இருக்கலாம் மாப்ள, என் தங்கச்சிக்கு அது வெல்லம்" என்றான். இவர் விளக்குப் பிடித்தார்.

சாவி சுவிட்ச் புதுசு. கிளட்ச் பெடலில் சிவப்பு டேப்பை வெட்டி எடுத்துவிட்டு, அங்கேயும் புது சுவிட்ச். எர்த் நட்டைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி முடுக்கினான். ஸ்டார்ட்டர் போல்ட்டுகளுக்குத் திருப்புளி நுழையாதபடி ரப்பர் மூடி மாட்டினான். சோதித்துக் காட்டினான்: கிளட்ச்சை மிதிக்காமல் சாவியைத் திருகினால் சத்தமே இல்லை. மிதித்துத் திருகினால் ஒரே பிடியில் எடுக்கிறது. "இனிமே ஆள் சீட்டுல உக்காந்து மிதிச்சாத்தான். தரையில நிக்கிறவன் ஸ்டார்ட் பண்ண முடியாது" என்றான்.

சாவியை வாங்கி என் முந்தியில் முடிந்துகொண்டேன். இவர் கேட்கவே இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

மருந்து, இரண்டு பந்தலும். சாவியில் எடுத்தது. காலையில் லீவர் இரண்டில் இருந்தது. சீட்டு காய்ந்திருந்தது. இவரே பார்த்தார். சீட்டில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நான் கேலி பண்ணவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

செவட்டை நின்றுவிட்டது. பிஞ்சுகள் சுத்தமாக இருக்கின்றன. கடவுள் புண்ணியத்தில் இந்த வருசம் தப்பித்தோம்.

மத்தியானம் நானும் இவரும் விருமாயியும் பந்தலுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் கிணற்றடியில் இருந்தார்கள். காற்று இல்லை, ஒரு இலைகூட அசையவில்லை. சாவி என் இடுப்பில் இருந்தது.

வண்டி நின்ற இடத்தில் "கிரீச்" என்றது. யாரோ கிளட்ச்சை அடிவரைக்கும் மிதித்த சத்தம். அப்புறம் லீவர் விழும் சத்தம்.

இவர் வாய்க்குக் கொண்டுபோன உருண்டை அப்படியே நின்றது. நான் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்கு வண்டி பாதிதான் தெரிந்தது, பந்தல் கால்களுக்கு இடையில் சீட்டும் ஸ்டியரிங்கும் பெடலும். சீட்டில் ஒருவரும் இல்லை. ஆனால் பெடல் கீழே போயிருந்தது. மேலே வரவில்லை.

விருமாயி நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. தூக்குவாளியைத் திறந்து, அதன் மூடியில் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் நகர்த்தினாள். பிறகு தோட்டத்து வேலையில் இருக்கிற புருசனைக் கூப்பிடுகிற சாதாரணக் குரலில், கொஞ்சம் சலிப்போடு, வண்டியைப் பார்த்துச் சொன்னாள்:

"உழுதது போதும். சாப்பிட வாங்க."

பெடல் மெதுவாக மேலே வந்தது.

நான் என் தட்டை எடுத்துக்கொண்டு, ஓர் ஆள் உட்கார இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.